சென்னைக்கும் தில்லிக்கும் ஏழு நாழிகை வழி

தொலைவைக் காலத்தால் அளந்து பேசுவது தமிழருக்குப் பழகிய வழக்கம். அடுத்த ஊர் எத்துணைத் தூரம் என்று வழிப்போக்கன் கேட்டால், ‘இரண்டு நாழிகை வழி’ என்று விடை கூறுவது நம் நாட்டுப்புறங்களில் நெடுங்காலம் வழங்கி வந்தது. நாழிகை என்பது 24 நிமிடம் கொண்டது. அந்த நேரத்தில் ஒருவர் நடந்து கடக்கக்கூடிய தொலைவே நாழிகைவழி. கேட்பவனுக்கு வேண்டியது அளவுகோலின் கணக்கன்று. பொழுது சாயுமுன் போய்ச் சேரலாமா, சோற்று மூட்டையை இங்கேயே அவிழ்க்கலாமா, அங்கே போய் அவிழ்க்கலாமா என்பதே அவன் அறிய விரும்புவது. ஆகவே காலக் கணக்கில் சொல்லும் விடையே அவனுக்குப் பயன்பட்டது.

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களும் இந்தக் கேள்வியைத்தான் இன்றளவும் கேட்டு வருகிறார்கள். ஊருக்கும் தமக்கும் இடையே எத்தனை மைல் என்பதை அவர்கள் நாள்தோறும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் அவசரம் நேர்ந்தால் எத்தனை நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதே அவர்கள் மனத்தில் நிற்கும் கணக்கு. சென்னை, தில்லி என்னும் இரண்டு மாநகரங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட வழி எவ்வாறு சுருங்கியது, யாருக்கு முதலில் சுருங்கியது, யாருக்குக் கடைசியில் சுருங்கியது என்று ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் தொலைவைப் பார்ப்போம். இதனை அறியப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. பள்ளிச் சிறுவரின் தேசப்படப் புத்தகமே போதும். சென்னை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. தில்லி 28½ பாகையில் இருக்கிறது. இடைப்பட்டது 15½ பாகை. வடக்கு தெற்காக ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்று கொண்டால், 1,720 கிலோமீட்டர் வருகிறது. தில்லி சென்னைக்கு நேர் வடக்கே இல்லை. மூன்று பாகை அளவு மேற்கே விலகி நிற்கிறது. அந்த விலக்கம் சுமார் 300 கிலோமீட்டர். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், மூன்றாம் பக்கம் ஏறக்குறைய 1,750 கிலோமீட்டர், அதாவது சுமார் 1,090 மைல் ஆகிறது. விமானங்கள் பறக்கும் வழி இதற்குச் சற்றே கூடுதலாக இருக்கும்.

ரயில் பாதையோ சுமார் 2,180 கிலோமீட்டர் நீளமுடையது. பறவை செல்லும் வழிக்கும் வண்டி செல்லும் வழிக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. இதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பும் வரலாறுமே. சென்னையிலிருந்து புறப்படும் வண்டி நெல்லூர் வழியே கடலோரமாகச் சென்று, விஜயவாடாவில் கிருஷ்ணையைக் கடந்து, வாரங்கல், பல்லார்ஷா, நாகபுரி, இட்டார்சி, போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா எனத் திசை மாறி மாறிச் செல்கிறது. பென்னை, கிருஷ்ணை, கோதாவரி, நருமதை, சம்பல் ஆகிய ஆறுகளுக்குப் பாலம் வேண்டியிருந்தது. சாத்பூரா மலைத் தொடரையும் விந்திய மலைத் தொடரையும் ஏறி இறங்கவும் வேண்டியிருந்தது. இருப்புப் பாதை, மலை இடம் விட்ட வழியாகவே போயிற்று.

ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம். இந்திய மண்ணில் அந்த அளவை அளந்து நிறுவும் பெருமுயற்சி தொடங்கிய இடம் எது என்பதைச் சென்னைவாசிகள் அறிந்தால் மகிழ்வார்கள். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, சென்னையை அடுத்த பரங்கிமலை அருகே ஓர் அடிப்படைக் கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நிலத்தில் கிடத்தி, ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை அளந்து முடிக்க மே 22ஆம் தேதி வரை ஆயிற்று. கோடை வெயிலில் சங்கிலி நீளும். அதற்கும் கணக்குப் பார்த்துத் திருத்தம் செய்தார்கள். அந்த ஒரு கோட்டை ஆதாரமாகக் கொண்டு, கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாட்டின் மீது வலை விரித்தார்கள். கோணம் அளக்கும் பெருங்கருவி அரை டன் எடையுள்ளது. 1808இல் அதனைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டித் தூக்கும்போது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதைத் தம் கையாலேயே பல வாரங்கள் உழைத்துச் செப்பனிட்டார்.

இந்த அளவைப் பணி தெற்கே குமரியிலிருந்து வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை, ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளத்துக்குச் சென்றது. இதனை முடிக்க நாற்பது ஆண்டுகள் பிடித்தன. லாம்டன் அதன் முடிவைக் காணவில்லை. 1823இல் நாகபுரிக்குத் தெற்கே உள்ள ஹிங்கன்காட் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை ஏற்று, 1841இல் நிறைவேற்றினார். இன்று சென்னையிலிருந்து தில்லிக்குப் போகும் வண்டிகள் ஹிங்கன்காட் வழியாகவே செல்கின்றன. சென்னை விமான நிலையமோ, முதல் சங்கிலி கிடத்தப்பட்ட பரங்கிமலையின் அருகிலேயே, மீனம்பாக்கத்தில் இருக்கிறது. அளந்தவர் போன வழியை நாம் இன்றும் அறியாமலே தொட்டுக்கொண்டு போகிறோம்.

அளக்கப்பட்ட இந்தத் தொலைவு அக்கால மனிதனுக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது? ஒருவர் நாள் ஒன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும், சாலை வழியே தில்லி போய்ச் சேர மூன்று மாத காலம் ஆகும். ஆற்றில் வெள்ளம் வந்தால் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் கண்டால் சத்திரத்தில் படுக்க வேண்டும். காசி யாத்திரை சென்றவர் திரும்பி வந்தால் அதனை ஒரு விழாவாகக் கொண்டாடிய நம் முன்னோரின் மனநிலை இதனால் விளங்கும். புறப்படும்போதே விடைபெறுவது இறுதி விடையாக இருக்கலாம் என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தார்கள்.

இந்தத் தொலைவை முதலில் வென்றது மனிதன் அல்லன், செய்தி. 1850களில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் தந்திக் கம்பியால் இணைக்கப்பட்டன. 1855இல் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தந்தி அனுப்பலாம் என்று ஆயிற்று. நாள் கணக்கில் நடந்த செய்தி மணிக் கணக்கில் பறந்தது. மறு ஆண்டே, 1856 ஜூலை 1ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. ஆயினும் செய்திக்குக் கிடைத்த வேகம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை. ரயில் பாதை துண்டு துண்டாகவே வளர்ந்தது. 1871இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் சந்தித்தன. சென்னையிலிருந்து வடநாடு செல்ல விரும்பியவர் அவ்வழியே மேற்கே சென்று, பம்பாய்ப் பாதையில் வண்டி மாறி, பிறகு வடக்கே திரும்ப வேண்டியிருந்தது.

காஜிபேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையே இருந்த கடைசி இடைவெளி அடைபட்ட பின்னரே, நாட்டின் நடுவழியாகத் தெற்கும் வடக்கும் நேரே இணைந்தன. அதன் விளைவாக, 1929இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் என்னும் வண்டி ஓடத் தொடங்கியது. அது முதலில் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஏறத்தாழ 104 மணி நேரம் ஓடியது. நாட்டிலேயே மிக நீண்ட பயணங்களுள் ஒன்றாக அது விளங்கியது. மறு ஆண்டு முதல் சென்னைக்கும் தில்லிக்கும் உரிய வண்டியாக அது நிலைபெற்றது. 1931இல் புதுதில்லி தலைநகராகத் திறந்து வைக்கப்பட்டது. அரசாங்க அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வேலைக்குச் சென்ற தமிழர்கள் இவ்வண்டியில்தான் சென்றார்கள். அவர்கள் குடும்பங்களும் இவ்வண்டியில்தான் போய்ச் சேர்ந்தன. கூஜாவும் படுக்கைச் சுருளும் புளியோதரைப் பொட்டலமும் இல்லாமல் அக்காலத்து ஜி.டி. பயணம் இல்லை. இரண்டு இரவுகளை வண்டியிலேயே கழிக்க வேண்டும். கரிப்புகை முகத்தில் அப்பிய நிலையில் இறங்கியவரை, வரவேற்க வந்தவரே சற்றுத் தயங்கித்தான் அடையாளம் கண்டார்.

இந்தக் காலத்தில் பிற மாநிலத் தமிழர் பட்ட ஒரு துன்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை காலமானார் என்ற தந்தி சில மணி நேரத்தில் தில்லி வந்து சேரும். ஆனால் மகன் சென்னை சேர இரண்டு இரவுகள் ஆகும். தஞ்சாவூர்க் கிராமமோ திருநெல்வேலிக் கிராமமோ ஆனால் இன்னும் ஒரு நாள். அவன் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும். செய்தியின் வேகத்துக்கும் மனிதனின் வேகத்துக்கும் இடையே விழுந்த இந்தப் பள்ளத்தில், எத்தனையோ குடும்பங்களின் துக்கம் ஆறாமல் தங்கிவிட்டது. தந்தி இல்லாத காலத்தில், செய்தி வரும்போதே காரியங்கள் முடிந்திருக்கும். விரைந்து போக வேண்டும் என்ற தவிப்புக்கு இடமில்லை. தந்தி வந்த பிறகு, தெரிந்தும் போக முடியாத தவிப்பு வந்து சேர்ந்தது. தொலைவு குறைந்த விதம் ஒரே சீராக இல்லாமையால் விளைந்த வேதனை இது.

இனி ஆகாய வழிக்கு வருவோம். உலகத்தின் முதல் அதிகாரபூர்வமான விமானத் தபால், 1911 பிப்ரவரி 18ஆம் தேதி, நம் நாட்டில் அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அப்பால் உள்ள நைனிக்குச் சென்றது. ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களைச் சுமந்துகொண்டு, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் பறந்தார். எனினும் அது ஒரு கண்காட்சியை ஒட்டி நடந்த வேடிக்கையாகவே நின்றுவிட்டது. ஒழுங்கான சேவை தொடங்க மேலும் 21 ஆண்டுகள் சென்றன.

1932 அக்டோபர் 15ஆம் தேதி காலையில், ஜே.ஆர்.டி. டாட்டா ‘புஸ் மாத்’ என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தைக் கராச்சியிலிருந்து தாமே ஓட்டி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹு வந்து சேர்ந்தார். அங்கிருந்து தபாலை ஏற்றுக்கொண்டு, நெவில் வின்சென்ட் சென்னைக்குப் புறப்பட்டார். அவர் அன்றே வந்து சேரவில்லை. பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள்தான் சென்னை வந்தார். காரணம் எளியது. இருட்டில் பறக்க வழி காட்டும் விளக்குகளோ வானொலிக் கருவிகளோ அவ்வழியில் இல்லை. கீழே தெரியும் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்துக்கொண்டே பறந்த காலம் அது. ஆகவே விமானத்தின் வேகம் பகலில் மட்டுமே வேகம். இரவெல்லாம் ஓடும் ரயில் வண்டி, இரவில் உறங்கும் விமானத்தை நீண்ட வழியில் பெரும்பாலும் நெருங்கி வந்துவிடும். அப்போது சென்னைக்கும் தில்லிக்கும் இடையே நேரான விமானப் போக்குவரத்தும் இல்லை. டாட்டா நிறுவனம் 1937இல்தான் பம்பாய்க்கும் தில்லிக்கும் இடையே சேவை தொடங்கியது.

விமானம் இரவை வென்ற கதைதான் இவ்வரலாற்றின் சிறந்த பகுதி. சுதந்திர இந்தியாவில் ரஃபி அகமது கித்வாய் செய்திப் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் சேவை தொடங்கப்பட்டது. அதன் அமைப்பு மிக எளியது; மிக அழகியதும்கூட. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவு உணவு வேளைக்குப் பின் ஒவ்வொரு டகோட்டா விமானம் புறப்படும். நான்கும் நள்ளிரவு கடந்து நாகபுரியில் வந்து கூடும். அங்கே சோனேகாவ் விமான தளத்தில் தபால் மூட்டைகளும் பயணிகளும் மாறிக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொரு விமானமும் தான் வந்த நகருக்கே திரும்பி, பொழுது விடியும்போது போய்ச் சேர்ந்துவிடும்.

நாகபுரி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்குத் தேசப்படமே விடை கூறும். அங்கிருந்து தில்லி சுமார் 850 கிலோமீட்டர். சென்னை சுமார் 900. கல்கத்தா சுமார் 980. பம்பாய் சுமார் 690. டகோட்டா விமானம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஆக, எந்த நகரத்திலிருந்தும் இரண்டரை மணி முதல் மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள் நாகபுரி வந்துவிடலாம். நான்கு மாநகரங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தொலைவில் இருக்கும் இடம் நாட்டில் அது ஒன்றே. இரவு ஒன்பது, பத்து மணிக்குப் புறப்பட்டு, விடியுமுன் திரும்பிவிட வேண்டும் என்றால், இதைவிடப் பொருத்தமான மையம் கிடையாது. நள்ளிரவில் பஞ்சாபியும் வங்காளியும் குஜராத்தியும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் தேநீர் அருந்திவிட்டுத் தத்தம் திசையில் பிரிந்து சென்ற காட்சியை, அக்காலத்தில் பயணம் செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சேவையின் பயனை ஏழை எளியவரும் பெறும்படி செய்தது மற்றொரு முடிவு. 1949 ஏப்ரல் 1ஆம் தேதி முதல், உள்நாட்டுக் கடிதங்கள் கூடுதல் கட்டணம் இன்றியே, இயன்ற இடங்களில் விமானத்தில் கொண்டு செல்லப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நீல நிற உள்நாட்டுக் கடிதத்தாளும் வழக்கத்துக்கு வந்தது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததன்றி அருகில் கண்டும் அறியாத ஒரு குடும்பத் தலைவி, மாலையில் எழுதித் தபால் பெட்டியில் போட்ட கடிதம், அன்று இரவே டகோட்டாவில் ஏறி, நாகபுரியில் விமானம் மாறி, மறுநாள் காலையில் தில்லியில் இறங்கியது. கரோல்பாக்கில் இருந்த மகன் அதனைப் பிரித்துப் படித்தான். மழை பெய்தது, பசு கன்று ஈன்றது, தங்கைக்கு வரன் பார்த்து வந்தார்கள் என்ற செய்திகள் பழையன ஆகுமுன் வந்து சேர்ந்தன. ஆக, ஆகாய விமானத்தால் முதன்முதல் பயனடைந்த தமிழ்ப் பொதுமக்கள் அதில் ஏறவே இல்லை. அவர்களுடைய கையெழுத்துத்தான் ஏறிச் சென்றது. விமான வரலாறு எழுதுவோர் விமானிகளையும் அமைச்சர்களையும் குறிப்பிடுகிறார்கள். நாலணாச் செலவும் செய்யாமல் இரவோடு இரவாக இந்தியாவைக் கடந்த அந்தக் கடிதங்களையும் குறிப்பிடுவது முறை.

இதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. டகோட்டா விமானங்கள் உயரே எழும்பி மேகத்துக்கு மேல் பறக்கும் ஆற்றல் உடையன அல்ல. மழைக்காலத்து இரவுகளில் இடிமேகங்களுக்கு இடையே புகுந்தே செல்ல வேண்டும். 1953 டிசம்பர் 12ஆம் தேதி அதிகாலையில், நாகபுரியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரவு விமானம் எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து எரிந்தது. தொழிற்சங்கத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஹரிஹர்நாத் சாஸ்திரி உள்ளிட்ட 13 பேர் மாண்டனர்; விமானி ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் தனியார் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டு, இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன் தோன்றியிருந்தது. விபத்துக்குப் பின்னும் சேவை நிற்கவில்லை. பின்னர்ப் பெரிய நான்கு எஞ்சின் விமானங்கள் அப்பணியை ஏற்றன. வேகமான பகல் விமானங்கள் பெருகப் பெருக அதன் தேவை குறைந்து, 1970களின் முற்பகுதியில் இரவுத் தபால் சேவை முடிவுக்கு வந்தது.

பயணிகளின் நேரக் கணக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். டகோட்டாவின் வேகத்தில், சென்னையிலிருந்து தில்லிக்குப் பறக்கும் நேரம் மட்டுமே ஆறரை மணி. வழியில் இறங்கி ஏறும் நேரம் வேறு. 1957இல் வந்த வைகவுண்ட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகமுடையது. அதன் கணக்கில் மூன்றரை மணிக்குச் சற்று மேல். 1964இல் கேரவல் என்னும் ஜெட் விமானம் வந்தது. அதன் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் அளவினது; பயணம் இரண்டரை மணி அளவுக்குச் சுருங்கியது. ஏழே ஆண்டுகளுக்குள் இவ்வளவு மாறுதல்!

அதற்குப் பின் என்ன ஆயிற்று? வேக வளர்ச்சி அங்கேயே நின்றுவிட்டது என்பதே உண்மை. போயிங்கும் ஏர்பஸ்ஸும் வந்தன, எஞ்சின்கள் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றன, விமானங்கள் பெருத்தன. ஆனால் இன்றைய விமானமும் கேரவலை ஒத்த வேகத்திலேயே பறக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு திடீரெனப் பெருகி, எரிபொருளை விழுங்கிவிடும். பயணி விமானங்கள் அந்த எல்லைக்குச் சற்று உள்ளே நிற்பதே சிக்கனம். இன்றைய கால அட்டவணைகள் சென்னை–தில்லிப் பயணத்துக்கு இரண்டே முக்கால் மணி முதல் மூன்று மணி வரை குறிக்கின்றன. விமானம் நிலையத்தை விட்டு நகரத் தொடங்குவது முதல், மறு நிலையத்தில் வந்து நிற்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்குமுன் வானில் வட்டமிடுவதும் அதில் அடங்கும். வானில் இருக்கும் நேரம் இரண்டேகால் அல்லது இரண்டரை மணிதான்.

போகும்போதும் வரும்போதும் நேரம் வேறுபடுமா என்று சிலர் ஐயுறுவர். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் வானில் மேற்கிலிருந்து கிழக்கே பெருங்காற்று வீசுகிறது. பம்பாயிலிருந்து கல்கத்தா செல்லும் விமானத்தை அது பின்னிருந்து தள்ளும். திரும்பும் விமானத்தை எதிர்த்து நிற்கும். சென்னை–தில்லி வழி பெரும்பாலும் தெற்கு வடக்காக அமைந்ததால், அக்காற்று குறுக்கே வீசுகிறது. ஆகவே இவ்வழியில் போக்குக்கும் வரவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இரண்டே முக்கால் மணி என்பது 165 நிமிடம். நம் பழைய கணக்கில் ஏழு நாழிகைக்குச் சற்றுக் குறைவு. ஆகவே சென்னைக்கும் தில்லிக்கும் ஏழு நாழிகை வழி என்று இன்று சொல்லலாம். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அது ஏழு நாழிகை வழி ஆகிவிட்டது என்பதை மறக்கலாகாது. 1964இல் கேரவலில் சென்றவர் யார்? அமைச்சர், உயர் அதிகாரி, ஆலை முதலாளி, பெரிய டாக்டர். அலுவலகக் குமாஸ்தா அதே ஆண்டில், அதே நகரங்களுக்கு இடையே, இரண்டு இரவு ஜி.டி. எக்ஸ்பிரஸில் மூன்றாம் வகுப்புப் பலகையில் அமர்ந்து சென்றார். ஒரே ஊர், ஒரே நாள், ஆனால் ஒருவருக்கு ஏழு நாழிகை வழி, மற்றவருக்கு இரண்டு இரவு வழி. 1976இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்து அவருடைய வழியைச் சுருக்கியது. இன்று அவ்வண்டி ஏறத்தாழ 33 மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது. அது 80 நாழிகைக்குச் சற்று மேல். அவருக்கு அன்று வந்த பெரிய நன்மை அதுவே.

ஆகாய வழி பொதுமக்களுக்குத் திறந்தது எஞ்சினின் திறத்தால் அன்று, கட்டணத்தின் இறக்கத்தால். 1994இல் அரசு விமான நிறுவனங்களின் தனியுரிமைச் சட்டம் நீக்கப்பட்டது. 2003இல் குறைந்த கட்டண விமானச் சேவை நாட்டில் தொடங்கியது. அதன் பின்னரே, முன்கூட்டிப் பதிவு செய்தால் ரயிலின் குளிர்பதன வகுப்புக் கட்டணத்தோடு ஒப்பிடத்தக்க விலையில் விமானச் சீட்டுக் கிடைக்கும் நிலை வந்தது. விமானத்தின் வேகம் கூடாமலேயே, இலட்சக்கணக்கானோருக்கு வழி சுருங்கியது. ஆயினும் கணக்கு இங்கும் முழுமை பெறவில்லை. திடீர் அவசரத்துக்கு அன்றைக்கே சீட்டு வாங்குவோரிடம் கட்டணம் பல மடங்கு கேட்கப்படுகிறது. நிதானமாகத் திட்டமிட்டுத் திருமணத்துக்குச் செல்பவருக்குத் தில்லியிலிருந்து சென்னை அண்மை. நள்ளிரவில் செய்தி கேட்டுப் புறப்படுபவருக்கு இன்னும் சற்றுச் சேய்மை. சென்னையில் இறங்கிய பின் சொந்தக் கிராமத்துக்கு ஆகும் ஆறு, ஏழு மணி நேரப் பேருந்துப் பயணத்தையும் எந்த விமான அட்டவணையும் கணக்கில் கொள்வதில்லை.

தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. அதற்கு நெடுநாள் முன்பே, தொலைபேசி அதன் இடத்தைப் பிடித்திருந்தது. இன்று செய்தி கணப்பொழுதில் வருகிறது. முகமும் உடன் வருகிறது. செய்திக்குத் தொலைவு என்பதே இல்லாமல் போயிற்று. மனிதனுக்கோ, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்கிட்டால், ஒரு நாளின் பெரும்பகுதி இன்னும் தேவைப்படுகிறது. 1855இல் தோன்றிய அந்தப் பள்ளம் மிகவும் சிறுத்திருக்கிறது, முற்றிலும் தூர்ந்துவிடவில்லை.

பரங்கிமலையின் அருகில் சங்கிலி கிடத்தியவர்கள் அளந்த தொலைவில், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாறுதல் ஒன்றுமில்லை. மாறியது, அதைக் கடக்கும் உரிமை யார் யாருக்குக் கிடைத்தது என்பதே. முதலில் செய்திக்கும், பிறகு கடிதத்துக்கும், பிறகு செல்வர்க்கும், கடைசியில் ஏனையோர்க்கும் அது கிடைத்தது. பிற மாநிலத்தில் வாழும் தமிழர் தம் பிள்ளைகளுக்கு ஊர் எவ்வளவு தூரம் என்று சொல்ல நேரும்போது, கிலோமீட்டரோடு இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்வது நல்லது. ஏழு நாழிகையில் பாட்டியின் வீட்டை நெருங்கிவிடும் பேரனுக்கு, தன் தாத்தா இரண்டு இரவுகள் கரிப்புகையில் அமர்ந்து அதே வழியைக் கடந்தார் என்பதும், அவர் எழுதிய கடிதம் மட்டும் அவருக்கு முன்பே விமானம் ஏறிற்று என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.